ஸ்டார் கொடுத்தேன், வாசிப்பு இன்னும் மோசமாயிடுச்சு: கீபோர்டு பயிற்சிக்கு வழி சொல்லுங்க

பொண்ணுக்கு 7 வயசு, கீபோர்டு கத்துக்க ஆரம்பிச்சு 5 மாசம். கிளாஸ்ல சந்தோஷமா வாசிக்கிறா. வீட்டுல கூப்பிட்டா மட்டும் தாகம், வயித்துவலி எல்லாம் வந்துடும். விளையாட்டா மாத்தலாம்னு, சி மேஜர் ஸ்கேலை (சி-ல ஆரம்பிச்சு அடுத்த சி வரைக்கும் வெள்ளைக் கட்டைகளை வரிசையா வாசிக்கிறது) ஒரு தடவை முடிச்சா ஒரு ஸ்டார்னு சார்ட் ஒட்டினேன். இப்போ கடகடன்னு உருட்டிட்டு ஸ்டாருக்குக் கை நீட்டுறா. வலது கையில மூணாவது விரலுக்கு அப்புறம் கட்டைவிரலை அடியில விடணும்ல, அங்கே கையையே தூக்கிடுறா.

பதில் 1
முடிச்சாத்தான் ஸ்டார்னா, சீக்கிரம் முடிக்கிறதுதானே புத்திசாலித்தனம்? அவ சரியாத்தான் ஆடுறா, விதிதான் தப்பு. ஸ்கேலை இப்போதைக்கு விடுங்க. அதுல மூணாவதா, நாலாவதா வர்ற இ, எஃப் ரெண்டு கட்டை போதும். இ மேல இருக்கிற நடுவிரல்தான் பாலம், கட்டைவிரல் ரயில். பாலத்துல இடிக்காம எஃப் ஸ்டேஷனுக்குப் போகணும். மெதுவா போனாத்தான் இடிக்காது, அதை நீங்க சொல்லவே வேண்டாம்.

பதில் 2
மூணு காசு விளையாட்டும் நல்லா இருக்கும். காசுகளை இடது பக்கம் வைங்க. சரியா வாசிச்சா ஒண்ணு வலது பக்கம் போகும். தப்பினா எல்லாம் திரும்பி வரணும்னு சிலர் ஆடுவாங்க. வேண்டாம்! எங்க வீட்டுல மூணாவது காசுல தப்பிப்போய் நோட்டுப் புத்தகம் பறந்தது. ஒரே ஒரு காசு திரும்பினா போதும். சரியா தப்பான்னு அவளே சொல்லட்டும், அப்பதான் காது வேலை செய்யும்.

பதில் 3
பகடையில விழுற எண்ணிக்கைக்கு வாசிக்கச் சொல்லிடாதீங்க. என் பையனுக்கு 1 விழுந்தது, எழுந்து போயிட்டான். எப்படி வாசிக்கணும்னு பகடை சொல்லட்டும்: 1 பூனை நடை, 2 யானை நடை, 3 கண்ணை மூடிக்கிட்டு... 6 விழுந்தா அம்மா வாசிக்கணும்.

கேட்டவர்
எனக்கு ஒண்ணுமே வாசிக்கத் தெரியாதே?

பதில் 3
அதுதான் வேணும் அக்கா.

கேட்டவர் (4 நாள் கழிச்சு)
சார்ட்டைக் கிழிச்சாச்சு. ரயில் நாலு தடவையில ரெண்டு தடவை இடிக்காம போகுது. ஆறு விழணும்னு பகடையை ஊதி ஊதிப் போடுறா. நேத்து என் கையைப் பிடிச்சு, "பாலத்தைத் தூக்காதேம்மா"ன்னு திட்டு வேற. இடது கையில கட்டைவிரலுக்கு மேல மூணாவது விரல் தாண்டி வரணுமாமே, அதுக்கு என்ன கதை சொல்றது?