முதல் பவர்லிஃப்டிங் போட்டி: எப்படித் தயாரானீர்கள்? அனுபவங்களைப் பகிருங்கள்

போட்டிக்குப் பேர் கொடுத்த நாளிலிருந்து எல்லாரும் கேட்பது "இன்னும் எத்தனை கிலோ கூட்டலாம்?" என்றுதான். கடைசி ஒரு மாதத்தில் வலு பெரிதாகக் கூடிவிடாது. ஆனால் அந்த ஒரு மாதத்தில் கட்டளைக்குக் காத்திருக்கப் பழகிவிடலாம். என் முதல் போட்டியில் எனக்குக் கைகொடுத்தது அதுதான்.

பவர்லிஃப்டிங்கில் ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி நெஞ்சிலிருந்து தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்குவது) என்று மூன்று லிஃப்டுகள். ஜிம்மில் நம் இஷ்டத்துக்குத் தூக்குகிறோம். மேடையில் அது நடக்காது. ஸ்குவாட்டில் பாரைத் தோளில் ஏற்றிப் பின்னால் வந்து, முட்டியை நேராக்கி, அசையாமல் நிற்க வேண்டும். தலைமை நடுவர் "ஸ்குவாட்" என்று சொல்லிக் கையை இறக்கிய பிறகுதான் உட்காரலாம். எழுந்த பிறகும் "ரேக்" (பாரைத் தாங்கியில் திரும்ப வை) என்று காதில் விழும்வரை அப்படியே நிற்க வேண்டும். பெஞ்ச் பிரஸ்ஸுக்கு ஸ்டார்ட், பிரஸ், ரேக் என்று மூன்று கட்டளைகள். டெட்லிஃப்டுக்கு "டவுன்" மட்டும்தான். எவ்வளவு பிரமாதமாகத் தூக்கினாலும் கட்டளைக்கு முன்னால் முந்திக்கொண்டால் சிவப்பு விளக்குதான். மூன்று நடுவர்களும் ஆளுக்கொரு விளக்கு போடுவார்கள்: வெள்ளை என்றால் செல்லும், சிவப்பு என்றால் செல்லாது.

இதற்காக என் தோழியை நடுவராக நிற்க வைத்தேன். அவள் வேண்டுமென்றே இழுத்தடிப்பாள். ஒருநாள் சட்டென்று சொல்வாள், மறுநாள் "பிரஸ்" வரவே வராது. பெஞ்சில் இந்தப் பழக்கம் ரொம்ப முக்கியம். பார் நெஞ்சில் பட்டு, அசைவு முழுக்க நின்ற பிறகுதான் நடுவர் "பிரஸ்" சொல்வார். அந்த நேரத்தில் மூச்சை விட்டுவிட்டால் நெஞ்சு தாழ்ந்து, பாரும் கூடவே இறங்கிவிடும். அப்புறம் அதை அங்கிருந்து கிளப்புவது பெரும்பாடு. நெஞ்சில் தொட்டவுடன் தூக்கிப் பழகியவர்களுக்கு, நிறுத்தித் தூக்கும்போது எடை சில கிலோவாவது குறையும். அந்தக் குறைந்த எடைதான் உங்கள் உண்மையான பெஞ்ச். போட்டிக் கணக்கை அதிலிருந்தே போடுங்கள்.

ஸ்குவாட் ஆழம் இன்னொரு விஷயம். இடுப்பு மூட்டு இருக்கும் இடத்தில் தொடையின் மேற்பகுதி, முட்டியின் உச்சியைவிடக் கீழே போக வேண்டும். சமமாக இருந்தால் போதாது. போனைப் பக்கவாட்டில், முட்டி உயரத்தில் வைத்து வீடியோ எடுங்கள். உயரத்திலிருந்து எடுத்தால் ஆழம் சரியாகத் தெரியாது. முன்னாலிருந்து எடுத்தாலும் அப்படித்தான்.

போட்டி நாளில் "பார் லோடட்" (பாரில் எடை ஏற்றியாயிற்று) என்று அறிவித்ததும் ஒரு நிமிடக் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதற்குள் தூக்கலை ஆரம்பித்துவிட வேண்டும். பெல்ட்டை இறுக்கி நிதானமாக நடந்து போகவே நேரம் இருந்தது. பாரோடு பின்னால் வந்து நின்றேன். எதிரே உட்கார்ந்திருந்த நடுவரின் கை மேலேயே இருந்தது. கூட்டச் சத்தம் எதுவும் காதில் விழவில்லை, அந்தக் கை மட்டும்தான் கண்ணில் இருந்தது. தோழி என்னைக் காக்க வைத்ததில் பாதி நேரம்கூட ஆகியிருக்காது. கை இறங்கியது, உட்கார்ந்து எழுந்தேன், மூன்று வெள்ளை விளக்கு. இரண்டு வெள்ளை இருந்தாலே தூக்கல் செல்லும், ஆனாலும் முதல் முயற்சியிலேயே மூன்றும் வெள்ளையாக எரிந்ததைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

*

அக்கா சொன்னதோடு நானும் கொஞ்சம் சேர்க்கிறேன். நான் தூக்கியது ஐபிஎஃப் (சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பு) விதிகளின்படி நடந்த போட்டி. வேறு கூட்டமைப்பு என்றால் விதிப்புத்தகத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

உடல் எடை பார்ப்பது போட்டி தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால்தான் ஆரம்பிக்கிறது. தண்ணீரைக் குறைத்து உடம்பை வற்ற வைத்துவிட்டு அதற்குள் பழைய நிலைக்கு வருவது கஷ்டம். முதல் போட்டிக்கு எடை குறைக்கவே வேண்டாம் என்பேன். இப்போது என்ன எடையோ, அந்தப் பிரிவிலேயே தூக்குங்கள். எடை பார்க்கும் சமயத்தில் முதல் முயற்சி எடைகளையும் ரேக் உயரத்தையும் கேட்பார்கள். எனவே போட்டி ரேக்கில் உங்கள் உயரம் எந்த எண் என்று போனவுடனே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

சாமான்களில் பெல்ட்டைக் கவனியுங்கள். அகலம் 10 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. முதுகுப் பக்கம் அகலமாக, உள்ளே மெத்தை வைத்து வரும் ஜிம் பெல்ட்டுகள் செல்லாது. டெட்லிஃப்டுக்கு முட்டிக்குக் கீழே கால் முன்பகுதியை மூடும் நீளச் சாக்ஸ் கட்டாயம். கையில் ஸ்ட்ராப் (பிடி நழுவாமல் பாரோடு கையைக் கட்டும் பட்டை) கட்டக் கூடாது, அதனால் அப்படிப் பழகியவர்கள் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். கைப்பிடி வலுவாக மாதக்கணக்கு ஆகும். கை வழுக்காமலிருக்கச் சாக் (chalk) பவுடர் போடலாம், தொடையில் டால்கம் பவுடர் போட்டுக்கொள்ளலாம். அந்த டால்கம் பவுடர் கையிலோ ஷூவின் அடியிலோ ஒட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

தம்பி, தங்கச்சிகளை மேடைக்குப் பின்னால் நின்று கவனித்துக்கொள்ளும் வேலையைப் பல வருடமாகச் செய்கிறேன். நான் முதலில் கேட்பது "ஓபனர் என்ன?" என்றுதான், அதாவது முதல் முயற்சி எடை. மேடையில் ஒரு எடையை முயன்றுவிட்டால், அடுத்த முயற்சியில் அதைவிடக் குறைக்க முடியாது. ஒரு லிஃப்டில் மூன்று முயற்சியும் போனால் டோட்டலே (மூன்று லிஃப்டின் சிறந்த எடைகளின் கூட்டுத்தொகை) கிடையாது. அதனால், தூக்கம் கெட்ட ஒரு மோசமான நாளிலும் தொடர்ந்து மூன்று தடவை தூக்கக்கூடிய எடைதான் ஓபனர். ஸ்குவாட்டில் உங்கள் உச்சம் 140 கிலோ என்றால் 125-இல் தொடங்குங்கள், 135-க்குப் போங்கள். அது எப்படி எழுந்தது என்று பார்த்து மூன்றாவதை முடிவு செய்யலாம். அடுத்த எடையைச் சொல்ல ஒரு நிமிடம்தான் இருக்கும். சொல்லாமல் விட்டால், முந்தைய முயற்சி செல்லுபடியானவர்களுக்குப் போட்டி நடத்துபவர்களே 2.5 கிலோ கூட்டிவிடுவார்கள்.

ஒரு பையன் முதல் ஸ்குவாட்டைச் சுலபமாகத் தூக்கிவிட்டான், ஆனால் ஆழம் போதவில்லை என்று சிவப்பு. முகம் வெளிறிப் போய் வந்தான். "எடையைக் கூட்டிடலாம்ணே, கனமா இருந்தா தானா கீழே போகும்" என்றான். நான் சம்மதிக்கவில்லை. அதே எடையைத்தான் எழுதிக் கொடுத்தேன். "இன்னும் ஒரு விரற்கடை கீழே போ, வேற எதையும் மாத்தாதே" என்று மட்டும் சொன்னேன். போனான், மூன்று வெள்ளை. அந்த நாள் முழுக்க அவனுக்கு அப்புறம் ஒரு சிவப்புகூட விழவில்லை. பதற்றத்தில் இருக்கும்போது யாரும் சரியாகக் கணக்குப் போட முடியாது. அதற்காகவே பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

இன்னொன்று, காலர் (பிளேட் நழுவாமல் பாரில் மாட்டும் பிடிப்பான்) எடையும் கணக்கில் சேரும். பார் 20, காலர் ஒவ்வொன்றும் 2.5, ஆக வெறும் பாரே 25 கிலோ. பக்கத்துக்கு ஒரு சிவப்பு பிளேட் (25 கிலோ) போட்டால் ஜிம்மில் 70 என்போம், மேடையில் அது 75. முதல் தடவை பார்க்கிறவர்கள் இதில் குழம்புவார்கள்.

வார்ம்அப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் பாரில் குறைந்த எடை கேட்டவர்கள் முதலில் தூக்குவார்கள். பட்டியலில் உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணி, ஆளுக்கு ஒரு நிமிடம் என்று வைத்து, கடைசி வார்ம்அப்புக்கும் மேடைக்கும் நடுவே ஐந்து நிமிடம் வருகிற மாதிரி பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். டெட்லிஃப்ட் வரும்போது பல மணி நேரம் ஆகியிருக்கும், அதுவரை பழகிய சாப்பாட்டையே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.