உள்நோக்கம் தூய்மையாகும் வரை ஊழியத்தை நிறுத்தி வைக்க வேண்டுமா?

ஒலிவக்கன்று (கேள்வி):

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் நெடுநாட்களாகப் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர் ஒருவரை நாங்கள் சிலர் முறைவைத்துக் கவனித்து வருகிறோம். உடம்பு துடைத்துவிடுவது, விரிப்பு மாற்றுவது, உணவு ஊட்டுவது, சிறிது நேரம் வேதம் வாசித்துக் காட்டுவது ஆகியவையே எங்கள் பணி. அண்மையில் வேதபாட வகுப்பில் மத்தேயு 6-ஆம் அதிகாரத்தைத் தியானித்தபோது, பிறர் காண வேண்டும் என்ற எண்ணம் சிறிதளவு கலந்தாலும் அந்த ஊழியத்துக்குத் தேவனிடத்தில் பலன் இல்லை என்றும், ஆகவே முதலில் நம்மை நாமே சோதித்தறிந்து, மனம் தெளிந்த பிறகே இறங்க வேண்டும் என்றும் ஒரு மூப்பர் சொன்னார். அன்றுமுதல் எனக்கு நெருடலாக இருக்கிறது. யாரும் ஒரு வார்த்தை சொல்லாத நாட்களில் மனம் சோர்ந்துபோவதையும், போதகர் ஆராதனையில் எங்களைக் குறிப்பிட்டால் அது மகிழ்வதையும் என்னால் மறுக்க முடியவில்லை. இந்த நிலையில் நான் சில காலம் விலகியிருப்பது நல்லதா? மேலும், 'உங்கள் நற்கிரியைகளைக் கண்டு' மற்றவர்கள் பிதாவை மகிமைப்படுத்தட்டும் என்று அதற்கு முந்திய அதிகாரத்திலேயே ஆண்டவர் சொல்லியிருப்பதை இதனோடு எப்படிப் பொருத்திப் பார்ப்பது?

திராட்சைக்கொடி:

விலக வேண்டாம். அந்தப் பெரியவரின் விரிப்பு இன்று மாற்றப்பட வேண்டும்; உங்கள் மனம் தெளிவடையும் நாள் வரை அது காத்திருக்க முடியாது. தன் உள்நோக்கத்தையே ஓயாமல் அளந்துகொண்டிருப்பவரின் கண் மறுபடியும் தன்மேல்தான் இருக்கிறது என்பதையும், எதிரே படுத்திருப்பவர் அங்கே இரண்டாமிடத்துக்குப் போய்விடுகிறார் என்பதையும் அன்போடு சொல்ல விரும்புகிறேன்.

மத்தேயு 5:16-ம் 6:1-ம் முரண்படவில்லை. செயல் பிறர் கண்ணில் படுவதை ஆண்டவர் குற்றமாகச் சொல்லவில்லை. 'மனுஷர் காணவேண்டுமென்று' அதைச் செய்வதையே கண்டிக்கிறார். யோப்பா பட்டணத்துத் தொற்காளைப் பாருங்கள் (அப்போஸ்தலர் 9). அவள் செய்துகொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவுக்கு எடுத்துக் காட்டியவர்கள், அவளுடைய மரணத்துக்காக அழுதுகொண்டு நின்ற விதவைகள். அவளோ உயிருடன் இருந்தவரை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். போதகர் உங்களைக் குறிப்பிடுவது அவர் பொறுப்பு. அதைக் கேட்டு மகிழ்ந்தால் அந்த மகிழ்ச்சியையும் ஜெபத்தில் ஒப்புக்கொடுத்துவிட்டு, உங்கள் முறை வரும் நாளில் போய் நில்லுங்கள். சொல்லப்பட்ட யாவற்றையும் செய்து முடித்தவர்களும் 'செய்யவேண்டிய கடமையைமாத்திரம் செய்தோம்' என்று சொல்ல வேண்டும் என லூக்கா 17:10 கற்பிக்கிறது. முதலில் செய்தல், பிறகு அந்தச் சொல் என்பதுதான் அங்குள்ள வரிசை.

பெத்தானியா:

நான் நோயாளிகளைப் பராமரிக்கும் பணியில் இருப்பவள். மேலே சகோதரர் சொன்னது சரி. ஆனால் தாழ்மையை நம் மனதுக்குள் மட்டுமே தேடினால் அது அகப்படாது என்று எனக்குத் தோன்றுகிறது. நம் கைகளில் அது தெரிகிறதா என்று பாருங்கள். மாற்கு 10:45-ல் மனுஷகுமாரன் ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்ய வந்தார் என்று வாசிக்கிறோம். அதைச் சொன்னவர், சில வசனங்களுக்குள்ளாகவே, வழியருகே உட்கார்ந்திருந்த பர்திமேயுவை அழைத்து, 'நான் உனக்கு என்னசெய்யவேண்டுமென்றிருக்கிறாய்' என்று கேட்கிறார். பார்வையற்றவருக்கு எது தேவை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அவர் வாயால் அதைச் சொல்லும் உரிமையை ஆண்டவர் அவருக்குக் கொடுத்தார்.

நடைமுறையில் இது மிகச் சிறிய காரியங்களில்தான் இருக்கிறது. போர்வையை விலக்குவதற்கு முன் கேளுங்கள், கதவைச் சாத்துங்கள், துடைக்கும் பாகத்தைத் தவிர மற்றவற்றை மூடியே வைத்திருங்கள். முகத்தைத் தானே துடைத்துக்கொள்ள அவருக்கு முடியுமானால், நேரம் அதிகமானாலும் ஈரத்துணியை அவர் கையிலேயே கொடுங்கள். தானாகப் புரள முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும் என்பதையும், ஒவ்வொரு முறையும் இடுப்பின் பின்புறத்தையும் குதிகால்களையும் பார்த்து, தோல் சிவந்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும் என்பதையும் உங்கள் குழுவினர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். அவருக்கு மேலாகக் குனிந்து நின்றுகொண்டு நீங்கள் இருவர் உங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டாம். இவற்றில் கவனம் வைத்தால், யார் நம்மைப் பாராட்டினார்கள் என்று எண்ணுவதற்கு உண்மையிலேயே நேரம் இருப்பதில்லை.

கெங்கிரேயா:

ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது; இது சிலருக்குக் கசப்பாகத் தோன்றலாம். பல சபைகளில் தாழ்மையைப் பற்றிப் பிரசங்கிப்பவர் ஒருவராகவும், விளக்குமாற்றை எடுப்பவர் வேறொருவராகவும் இருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்களே அந்த வேறொருவர். சோர்வாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னால், பலனை எதிர்பார்க்காதீர்கள் என்ற வசனம் பதிலாக வருகிறது. யோவான் 13-ல் சீலையை அரையிலே கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவியவர் போதகரும் ஆண்டவருமானவர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

பந்தி விசாரணையில், அதாவது அன்றாட உணவுப் பங்கீட்டில், கிரேக்க மொழி பேசிய யூத விசுவாசிகளின் விதவைகள் விடப்பட்டார்கள் என்ற முறுமுறுப்பு எழுந்தபோது, ஆதி சபை அவர்களைப் பொறுமையாயிருங்கள் என்று அடக்கவில்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்துகொண்டு அந்த வேலையை ஒழுங்குபடுத்தியது (அப்போஸ்தலர் 6). 6-ஆம் நூற்றாண்டில் துறவிகளுக்கென்று பெனடிக்ட் வகுத்த ஒழுங்கிலும் சமையலறைப் பணி வாரமுறையாக எல்லாருக்கும் வருகிறது. நோயும் முக்கியமான வேறு பொறுப்பும் தவிர விலக்கில்லை. முறை முடிகிறவர் சனிக்கிழமையன்று துவாலைகளைத் துவைக்க வேண்டும். அவரும் அடுத்த வாரத்தை ஏற்கிறவருமாக அனைவருடைய கால்களையும் கழுவ வேண்டும். பலவீனருக்கு உதவியாள் தர வேண்டும் என்றும், அவர்கள் மனவருத்தமின்றிப் பணி செய்வதற்காகவே அது என்றும் அதில் சொல்லப்பட்டிருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். ஆகவே சகோதரரே, உங்கள் முறைப்பட்டியலில் மூப்பர்களின் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் அதைப் பணிவோடு கேளுங்கள். உங்கள் சோர்வில் ஒரு பகுதி பெருமையாக இராமல் வெறும் களைப்பாகவும் இருக்கக்கூடும்.

ஒலிவக்கன்று:

மூவருக்கும் நன்றி. பட்டியலில் மூப்பர்கள் இல்லை. வரும் கூட்டத்தில் இதைக் கேட்கிறேன். சகோதரி பெத்தானியா அவர்களிடம் இன்னும் ஒரு கேள்வி. நாங்கள் புறப்படும்போதெல்லாம் அந்தப் பெரியவர், உங்களுக்காக ஜெபிக்கட்டுமா என்று கேட்கிறார். அவருக்குப் பேசுவதே சிரமம் என்பதால், நீங்கள் ஓய்வெடுங்கள் ஐயா என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். இது சரிதானா?

பெத்தானியா:

மூச்சுத்திணறல் இருக்கும் நாளில் அப்படிச் சொல்வது சரிதான். மற்ற நாட்களில் வேண்டாம். நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது என்று பேதுரு சொன்னது மரியாதையினால்தான். ஆண்டவர் அந்த மரியாதையை ஏற்றுக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் பிறர் கையிலிருந்து பெற்றுக்கொள்ளும் நிலையில் இருக்கும் ஒருவர், தம்மால் கொடுக்க முடிந்த ஒன்றை உங்களுக்குக் கொடுக்க விரும்புகிறார். அடுத்த முறை கால் மணி நேரம் முன்னதாகவே வேலையை முடித்துக்கொண்டு, அவர் குரல் கேட்கும்படி கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். உண்மையாகவே உங்களுக்குப் பாரமாக இருக்கும் ஒரு காரியத்தை அவரிடம் ஜெபக்குறிப்பாகச் சொல்லுங்கள். அடுத்த வாரம் அது என்னவாயிற்று என்று அவர் கேட்பார்.