இடது எஸ்.வி.சி.யைக் கட்டினால் ரெட்ரோகிரேட் போகுமா?

பம்ப்_ஓரம்: தலை, கை ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டு வர்ற பெரிய சிரைதான் எஸ்.வி.சி.; வழக்கமா வலது பக்கம் இருக்கும், சிலருக்கு இடது பக்கமும் இருக்கும். ஆபரேஷன்ல இதயத்தை நிறுத்திக் காப்பாத்துற மருந்து கார்டியோபிளீஜியா; அதை சிரை வழியா பின்பக்கமா தள்ளுறது ரெட்ரோகிரேட். நேத்து இங்க ஒரு டாக்டர் எழுதினது: "இடது எஸ்.வி.சி. இருந்தா பதற வேண்டாம், ஸ்நேர் (நூல் சுருக்கு) போட்டு இறுக்கிட்டு வழக்கம்போல ரெட்ரோகிரேட் கார்டியோபிளீஜியா கொடுக்கலாம்." சென்னையில ட்ரெயினிங்ல இருக்கிற பிள்ளைங்க இதைப் படிச்சா அப்படியே செய்வாங்க. அந்த வெயின் கொரோனரி சைனஸ்லதான் வந்து சேருது; ரெட்ரோகிரேட் மருந்து போற சிரையும் அதுதான். சைனஸ் வீங்கியிருக்கும், மருந்துக் குழாயோட பலூன் அடைக்காது. நிமிஷத்துக்கு 200 மில்லி தள்ளினாலும் பிரஷர் 10 மி.மீ. மெர்க்குரியைத் தாண்டாது. மருந்து எங்க போகுது? வலது ஏட்ரியத்துக்கு, அதாவது இதயத்தோட மேல் அறைக்கு.

மயிலை_ஸ்டெர்னம்: எழுதினது நான்தான். மேலே கட்டிட்டா மேல்பக்கம் ஒழுகாது. ஏட்ரியத்தைத் திறந்து சைனஸ் வாயைச் சுத்தி பர்ஸ்-ஸ்ட்ரிங் (சுருக்குப்பை மாதிரி இறுக்குற தையல்) போட்டா பலூனும் நிக்கும். செஞ்சு பார்க்காதவங்க ஹார்ட்-லங் பம்ப் பக்கத்துல உக்காந்து தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

பம்ப்_ஓரம்: மேலேன்னா எங்க? ஹெமிஅசைகஸ் (முதுகுப்பக்கச் சிரை) அதுல சேர்ற இடத்துக்கு மேல கட்டினா மருந்து அது வழியா ஓடிடும். ஹெமிஅசைகஸுக்கும் இதயத்துக்கும் நடுவுல கட்டணும். மூச்சுக்கான இடது ஃப்ரெனிக் நரம்பு பக்கத்துலயே போகுது, அதையும் பார்க்கணும். இதுல ஒரு வரிகூட உங்க பதிவுல இல்லையே.

எக்கோ_மேடம்: கட்டுறதுக்கு முன்னாடி வலது எஸ்.வி.சி. இருக்கான்னு பார்த்தீங்களா? இல்லாதவங்களுக்கு தலை, ரெண்டு கை ரத்தமெல்லாம் இடது பக்கமாத்தான் வருது. இடது கையில குலுக்கின சலைன் (குமிழி கலந்த உப்புத்தண்ணி) போட்டு எக்கோல பாருங்க. ஏட்ரியத்துக்கு முன்னாடி சைனஸ் வெளுத்தா இடது எஸ்.வி.சி. இருக்குன்னு அர்த்தம். வலது கையில போட்டும் சைனஸ்தான் முதல்ல வெளுத்தா வலது இல்லைன்னு அர்த்தம்.

மயிலை_ஸ்டெர்னம்: மேடம், ரிப்போர்ட்ல "சைனஸ் பெரிசு"ன்னு மட்டும் எழுதி அனுப்புறது உங்க டிபார்ட்மென்ட்தான். எந்தக் கையில ஊசி போட்டீங்கன்னு ஒருநாளும் இருக்காது.

எக்கோ_மேடம்: ரெக்வஸ்ட்ல நீங்க கேட்டாதானே சார் எழுதுவோம்? ரெண்டு வார்த்தை எழுதி அனுப்பிட்டு எங்களைக் குறை சொல்லாதீங்க.

பம்ப்_ஓரம்: சண்டையை விடுங்க. ரெண்டு பக்கத்தையும் இணைக்கிற பிரிட்ஜிங் வெயின் இருக்கா? இல்லாத கேஸ்தான் அதிகம். முதல்ல தற்காலிகமா இறுக்கிட்டு இடது ஜுகுலர் (கழுத்துச் சிரை) பிரஷரைப் பாருங்க. சரசரன்னு ஏறினா ஸ்நேரை விட்டுட்டு ரத்தத்தை பம்புக்கு எடுக்க மூணாவது கேனுலா (குழாய்) போடுங்க. போடாம இறுக்கினா மூளைப் பக்கம் ரத்தம் தேங்கும், முகம் உப்பும்.

மயிலை_ஸ்டெர்னம்: அயோர்டிக் வால்வ் ஒழுகுற கேஸ்ல அயோர்ட்டா (பெருந்தமனி) ரூட்ல மருந்து கொடுத்தா வென்ட்ரிக்கிள்தான் (கீழ் அறை) வீங்கும். அப்ப ரெட்ரோகிரேட் இல்லாம என்ன செய்வீங்க?

பம்ப்_ஓரம்: அயோர்ட்டாவைத் திறந்து ரெண்டு ஆஸ்டியத்துலயும் (இதயத் தமனிகளோட வாய்) நேரடியா கொடுங்க. டெல் நிடோ வகை கார்டியோபிளீஜியான்னா அடிக்கடி திரும்பக் கொடுக்கிற வேலையும் குறையும். ரெட்ரோகிரேட் வழக்கமான ஆளுக்கே வலது வென்ட்ரிக்கிளைச் சரியா காப்பாத்தாது. இதுல எப்படிக் காப்பாத்தும்?

மயிலை_ஸ்டெர்னம்: பர்ஸ்-ஸ்ட்ரிங் போட்டா நிக்கும்னு சொன்னேன். அதுக்குப் பதிலைக் காணோம்.

பம்ப்_ஓரம்: ஏட்ரியத்தைத் திறக்கிற வரைக்கும் மருந்து இல்லாத நேரத்துக்கு யார் பொறுப்பு? நானும் முதல்லேருந்து பிரஷரைத்தான் கேட்கிறேன். உங்க கேஸ்ல சைனஸ் பிரஷர் எத்தனை வந்துச்சு சார்?