ஏரிக்கரை நடுகற்களை எப்படிப் பதிவு செய்வது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து ஞாயிறுதோறும் ஊர் ஊராகச் சென்று பழைய கற்களைப் பதிவு செய்து வருகிறோம். சென்ற வாரம் ஓர் ஏரிக்கரையில், வில்லேந்திய வீரன் உருவமும் மேலே நான்கு வரி வட்டெழுத்தும் (பழைய தமிழ் எழுத்து வடிவம்) உள்ள நடுகல், அதாவது பூசலில் இறந்த வீரனுக்கு நட்ட நினைவுக்கல் ஒன்றைப் பார்த்தோம். ஊரார் அதை வேடியப்பன் என்று கும்பிடுவதால் எண்ணெய் படிந்து எழுத்து மங்கிக் கிடக்கிறது. அதை ஒரு பள்ளி வளாகத்திற்கு மாற்றிவிட்டால் பாதுகாப்பாக இருக்கும் என்பது எங்களில் சிலரின் எண்ணம். முதலில் என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி 1:
முதலில் கல்லை அசைக்காதீர்கள். ஏரிக்கரையில் நிற்கும்போதுதான் எந்த ஊரின் ஆநிரைக்காக, அதாவது மாட்டு மந்தைக்காக, எந்த வழியில் பூசல் நடந்தது என்று யோசிக்கவாவது இடமிருக்கிறது. பள்ளிச் சுவரோரம் சாய்த்துவிட்டால் அது வெறும் சிற்பம். எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க அமிலமோ கம்பித் தூரிகையோ கூடவே கூடாது. மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில், அல்லது இருட்டிய பின் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். நண்பகலில் தெரியாத எழுத்தெல்லாம் எழுந்து நிற்கும். மைப்படி (எழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுக்கும் படி) எடுப்பதானால், நனைத்த தாளைக் கல்லின் மேல் ஒட்டி, எழுத்துப் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்டி, ஓரளவு உலர்ந்ததும் மை ஒற்ற வேண்டும். எழுத்து வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் வரும். பழகியவர் ஒருவர் உடனிருக்கும்போது மட்டுமே இதைச் செய்யுங்கள்.

மறுமொழி 2:
இது புதிய கண்டுபிடிப்பு என்று செய்தித்தாளுக்குச் சொல்வதற்கு முன், தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட செங்கம் நடுகற்கள் தொகுதியைப் புரட்டிப் பாருங்கள். திருவண்ணாமலை மாவட்டம் 1989இல்தான் பிரிந்தது என்பதால், அதற்கு முந்தைய பதிவுகளில் உங்கள் ஊரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் கீழ்தான் தேட வேண்டும்; இதைக் கவனிக்காமல் நான் ஒரு மாதத்தை வீணடித்திருக்கிறேன். உங்கள் பக்கத்து எடுத்தனூர்க் கல்லையே பாருங்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல்லில், எருமைகளைக் காக்கப் போரிட்டு இறந்த வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரும் இருக்கிறது. நாயின் உருவமும் வீரனுக்கு அருகிலேயே செதுக்கப்பட்டுள்ளது. ஆகவே எழுத்தை மட்டும் படித்துவிட்டு உருவத்தை விட்டுவிடாதீர்கள். வில், வாள், காலடியில் உள்ள விலங்கு, கல்லின் நீள அகலம், அது பார்க்கும் திசை எல்லாவற்றையும் குறியுங்கள்.

மறுமொழி 3:
கல்லுக்குப் பூசை செய்பவரைக் கேட்டீர்களா? எந்தக் குடும்பம் படைக்கிறது, எந்த மாதத்தில் படைக்கிறது, வீரனைப் பற்றி என்ன கதை சொல்கிறார்கள் என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே ஒலிப்பதிவு செய்யுங்கள். கல் இத்தனை நூற்றாண்டு நின்றதற்கு அவர்களுடைய கும்பிடும் ஒரு காரணம். எண்ணெயை முகத்தில் ஊற்றாமல் அடியில் ஊற்றும்படி பணிவாகச் சொன்னால் கேட்பார்கள். எங்கள் ஊரில் கேட்டார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. மாற்றும் எண்ணத்தைக் கைவிட்டோம். நேற்று மாலை மறுபடி போய்ச் சாய்வெயிலில் படம் எடுத்தோம். நான்கு வரி என்று எழுதியிருந்தேன், ஐந்து வரி இருக்கிறது.