நியமனப் பட்டியலைக் கையில் வைத்திருந்தவர்

மெதடிஸ்ட் பிஷப்மாரோடு பழகிய அனுபவங்களை இங்கே ஒவ்வொருவராக எழுதிவருகிறீர்கள். பிரசங்கம், ஜெபம், ஆலயப் பிரதிஷ்டை என்று எல்லாமே நல்ல நினைவுகள். நான் எழுதப்போவது ஒரு காகிதத்தைப் பற்றி.

நான் போதகர் மகள். பதினாறு வயதுக்குள் ஐந்து போதகர் இல்லங்களில் வளர்ந்தவள். எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மெதடிஸ்ட் சபையில் போதகர் தமக்கு வேண்டிய சபையைத் தேடிக்கொள்வதில்லை. பிஷப் அனுப்புகிறார், அவர் போகிறார். மாவட்டக் கண்காணிப்பாளர்களோடு உட்கார்ந்து கலந்து பேசித்தான் முடிவெடுப்பார் என்றாலும், கடைசிச் சொல் பிஷப்புடையது. எங்கள் காலத்தில் வருடாந்திர மாநாட்டின் இறுதி அமர்வில் அவர் எழுந்து நின்று பட்டியலை வாசிக்கும்போதுதான் யார் எங்கே என்பது தெரியவரும். அதுவரை எங்கள் வீட்டில் யாரும் அடுத்த ஆண்டைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

அந்த ஆண்டு எனக்குப் பள்ளி இறுதித் தேர்வு. இந்த ஒருமுறை எங்களை மாற்ற வேண்டாம் என்று அம்மா கண்காணிப்பாளர் காதில் போட்டுவைத்திருந்தார். அப்பா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பிஷப் வாசித்துக்கொண்டே வந்தார். எங்கள் சபையின் பெயர் வந்தது. அதற்கு எதிரே வேறொருவர் பெயர். அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. இரண்டு மாவட்டங்கள் கழித்து, நான் கேள்விப்பட்டே இராத ஓர் ஊரோடு சேர்த்து அப்பாவின் பெயரை வாசித்தார். முடிந்ததும் எல்லோரும் எழுந்து பாடினார்கள். நான் வாய் திறக்கவில்லை.

வெளியே படிக்கட்டில் நின்றிருந்தேன். பிஷப் ஐயா தாமே தேடி வந்தார்.

"பாப்பா, என்மேல் கோபமா?"

"ஆமாம் ஐயா."

அவர் வேதாகமத்தைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து விரித்தார். சற்று முன் வாசித்த தட்டச்சுப் பிரதி அல்ல அது. பென்சிலால் எழுதிய பட்டியல். அப்பாவின் பெயர் ஓரிடத்தில் எழுதி அழிக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே இன்னோரிடத்தில். கடைசியாக அந்தப் புதிய ஊருக்கு எதிரே எழுதி, அழித்து, மறுபடியும் எழுதப்பட்டிருந்தது. அந்த இடத்தில் காகிதம் தேய்ந்துபோய் வெளிச்சம் உள்ளே புகுந்து தெரிந்தது.

"அந்தச் சபை இரண்டாகக் கிடக்கிறது, அம்மா. இரண்டு போதகர்கள் போய்த் திரும்பிவிட்டார்கள். உன் பரீட்சை எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்."

கர்த்தருடைய சித்தம் என்று சொல்லி அவர் என்னை அடக்கியிருக்கலாம். சொல்லவில்லை. தாம் எழுதியதைத் தாம் எழுதியதாகவே ஒப்புக்கொண்டார். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதற்காகவே அவரை மதிக்கிறேன்.

தேர்வு முடியும்வரை நான் அவர் வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்று அவரும் அவர் மனைவியும் கேட்டுக்கொண்டார்கள். எட்டு மாதங்கள் இருந்தேன். அந்த அம்மாவைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டேன். பிஷப் ஐயாவை நான் பார்த்தது மொத்தத்தில் நாற்பது, ஐம்பது நாள்கள் இருக்கலாம். அவருடைய பெட்டி கதவுக்குப் பின்னால் எப்போதும் பாதி அடுக்கியபடியே இருக்கும். பெரியம்மா துவைத்த துணிகளை அலமாரியில் வைக்காமல் நேராக அந்தப் பெட்டியிலேயே வைப்பார்.

ஒருநாள் இரவு துணிந்து கேட்டேன்: "பிஷப் சொன்னால் போய்த்தான் ஆக வேண்டுமா ஐயா?"

"இதே கேள்வியை 1792-இலேயே ஒருவர் கேட்டுவிட்டார்" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றினார். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஓ'கெல்லி என்ற மூப்பர் (முழு அபிஷேகம் பெற்ற போதகர்), தம் நியமனம் அநியாயம் என்று நினைக்கும் போதகருக்கு மாநாட்டில் முறையிடும் உரிமை வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். தோற்றது. அவர் ஆட்களோடு வெளியேறித் தனிச் சபை தொடங்கினார். பிஷப் பிரான்சிஸ் அஸ்பரியின் கையிலேயே அதிகாரம் நின்றது.

அந்த அஸ்பரி 1771-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலேறியபோது அவருக்கு வயது 26. பிறகு பெற்றோரைப் பார்க்கவே இல்லை. மணம் முடிக்கவில்லை, வீடு கட்டவில்லை. 1784 கிறிஸ்துமஸ் காலத்தில் பால்டிமோரில் கூடிய மாநாட்டில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி நியமித்தது மட்டும் போதாது, சக போதகர்கள் தெரிந்தெடுத்தால்தான் ஏற்பேன் என்றார். பிஷப் என்ற பட்டத்தை அவர் ஏற்றுக்கொண்டதற்காக வெஸ்லி 1788-இல் கடுமையாகக் கண்டித்துக் கடிதம் எழுதினார். குதிரைமேல் ஊரூராகத் திரிந்த மற்ற போதகர்களுக்கு ஆண்டுக்கு 64 டாலர் என்றால், அவருக்கும் அதே 64 டாலர்.

"ஓ'கெல்லி கேட்டது தப்பா ஐயா?"

"நியாயமான கேள்விதான், பாப்பா. அஸ்பரிக்கும் வீடு இருந்திருந்தால் போதகர்கள் எல்லோருமே ஓ'கெல்லியோடு போயிருப்பார்கள்."

முறையிட ஒரு வழி இருக்க வேண்டும் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். அனுப்பப்படுபவர் ஒருவர், ஆனால் அவரோடு பெயர்ந்து போவது ஒரு குடும்பம். இதை அவரிடமே பின்னாளில் சொல்லியிருக்கிறேன். மறுத்துப் பேசவில்லை. அப்பா அந்தச் சபையில் ஏழு ஆண்டுகள் இருந்தார். இரண்டு பக்கத்தாரும் ஒரே பீடத்தண்டையில் முழங்காலிட்டு நற்கருணை எடுத்த ஞாயிற்றுக்கிழமை, அப்பா வீட்டுக்கு வந்து அங்கியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்.

*

சகோதரி எழுதியதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஒரு பிஷப் ஐயாவுக்கு ஒன்பது ஆண்டுகள் கார் ஓட்டினேன். இருவரும் ஒரே ஐயாவைத்தான் சொல்கிறோமா என்று தெரியாது. ஆனால் மாநாடு நெருங்கும் நாள்களில், காலையில் காரைத் துடைக்கும்போது பின்னிருக்கையில் ரப்பர் துகள்கள் கிடக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறியதுபோல் இருக்கும். பேரப்பிள்ளைகள் விளையாடியிருப்பார்கள் என்றே முதல் ஆண்டு நினைத்துக்கொண்டேன். பிறகுதான் கண்ணாடியில் பார்த்தேன்: ஐயா உள்விளக்கைப் போட்டுக்கொண்டு, மடியில் அட்டை வைத்து எழுதுவார், அழிப்பார், வெளியே இருட்டைப் பார்ப்பார்.

ஒருமுறை அவருக்கு நல்ல காய்ச்சல். ஒரு சிறிய சபையில், பிள்ளைகளைச் சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் ஆராதனை. பதினொரு பிள்ளைகள் காத்திருந்தார்கள். திரும்பிவிடலாம் ஐயா என்று வண்டியை ஓரம் நிறுத்தியே விட்டேன். அப்போது அவர் அஸ்பரியின் கடைசிப் பிரசங்கத்தைச் சொன்னார். 1816 மார்ச் 24, ரிச்மண்ட் நகரம். நடக்க முடியாத அவரை ஆலயத்துக்குள் தூக்கிக்கொண்டுபோய் ஒரு மேசைமேல் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தபடியே ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினார். சரியாக ஒரு வாரத்தில், மார்ச் 31-ஆம் தேதி, வழியில் ஒரு நண்பர் வீட்டில் காலமானார்.

"அதற்காக நீங்களும் அப்படிச் செய்ய வேண்டுமா ஐயா?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்லை தம்பி. அந்தப் பதினொரு பிள்ளைகளும் புது உடை உடுத்தி நிற்பார்கள், ஓட்டு."

ஓட்டினேன். ஆராதனை முழுவதும் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கை வைக்கும்போது மட்டும் நாற்காலியை விட்டார்.

*

என் அனுபவம் சிறியது. குருத்துவ அபிஷேகம் பெற்ற இரண்டாம் ஆண்டு, எனக்கு வயது 27. ஓர் ஞாயிறு காலை, கடைசி பெஞ்சில் வெள்ளைச் சட்டை அணிந்த முதியவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. என் தலையில் கைகளை வைத்து அபிஷேகம் செய்த பிஷப் அவர், ஓய்வு பெற்றிருந்தார். முன்னால் வரும்படி ஆள் அனுப்பினேன், வரவில்லை.

மெதடிஸ்ட் முறையில் பிஷப் என்பது மூப்பருக்கு மேலான தனியொரு குருத்துவ நிலை அல்ல. மூப்பர் ஒருவரையே கண்காணிப்புப் பணிக்கென்று பிரித்து வைக்கிறோம். இறையியல் கல்லூரியில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான். அன்று கண்ணால் பார்த்தேன்.

ஆராதனை முடிந்ததும் அலுவலக அறைக்கு வந்தார். பிரசங்கத்தில் ஏதாவது தவறா ஐயா என்று கேட்டேன். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாமஸ் கோக்கைப் பற்றிப் பேசினார். கோக், அஸ்பரியின் தலையில் கைகளை வைத்துக் கண்காணிப்புப் பணிக்குப் பிரித்து வைத்தவர். தம் அறுபத்தாறாம் வயதில் இலங்கைக்கு ஊழியர்களை அழைத்துக்கொண்டு கப்பலேறி, 1814 மே 3 அன்று கப்பல் அறையில் இறந்துகிடந்தார். கடலிலேயே அடக்கம் செய்தார்கள். அவரோடு புறப்பட்ட இளைஞர்கள் ஜூன் மாதம் இலங்கையின் காலித் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் பிரிந்து போனார்கள்.

"அவர் போகவில்லை. அந்தப் பையன்கள் போனார்கள்" என்றார். பிறகு, அடுத்த வாரம் தமக்கு அறுவை சிகிச்சை என்றும், தம் போதகர் ஜெபிக்க வேண்டும் என்றும் சொன்னார். யாரைச் சொல்கிறார் என்று புரியவே எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. அதற்குள் அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல முழங்காலிட்டிருந்தார்.