பெரியவங்க கை அசைவை அளக்கற பெட்டி: கட்டைக்கு எந்த மரம், எந்த உப்புத்தாள்?

வணக்கமுங்க. சென்னிமலை, சோமனூர் பக்கம் தறி ஓட்டின, 60 தாண்டினவங்க கை அசைவைச் சோதிக்க ஒரு பெட்டி செய்யறோம். 2.5 செ.மீ. கனசதுரக் கட்டை 150, நடுவுல 15.2 செ.மீ. உயரத் தடுப்பு. ஒரு கையால ஒவ்வொண்ணா எடுத்து, ஒரு நிமிஷத்துல எத்தனை கட்டையைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போடறாங்கன்னு எண்ணணும். முதல்ல 15 நொடி பழக விடணும். விரல் நுனி தடுப்பைத் தாண்டலைன்னா கணக்கில்லை. ரெண்டைச் சேர்த்து எடுத்தாலும் ஒண்ணுதான்.

சிக்கல் என்னன்னா, வார்னிஷ் அடிச்ச கட்டை வழுக்குது. வயசாக ஆக விரல் நுனியில ஈரப்பசையும் தொடு உணர்வும் குறையறதால, தேவைக்கு மேல இறுக்கிப் பிடிப்பாங்க. கட்டை வழுக்கினா இன்னும் தாமதமாகும். மரத்தோட குறையைக் கையோட குறையா எழுதிடக் கூடாதுங்க. எந்த மரம், எத்தனையாம் நம்பர் உப்புத்தாள்? தச்சு வேலை தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இன்னொண்ணு. கை நீட்டறதைக் கிட்டயிருந்து பார்த்தா, பொருளை நெருங்கினதும் வேகம் குறைஞ்சு, சின்னச் சின்னதாத் திருத்தித் திருத்தித்தான் தொடும். வயசுக்கு இது இயல்பு, கட்டை எண்ணிக்கையில தெரியாது. கடைசியில வர்ற இந்தத் தாமதத்தை மட்டும் செல்போன் வீடியோவுல பிரிச்சு அளந்தவங்க இருக்கீங்களா? நொடிக்கு 30 படம் போதுமா, 60 வேணுமா?

ரெண்டு கையும் ஒரே மாதிரி அசைக்கறதுல பெருசா தடுமாற்றம் வராது. வேகமா மாத்தி மாத்தி அசைக்கறப்பதான் குழறும். அதைச் சோதிக்கத் தறிக்காரங்களுக்குப் பழகாத ஒரு எளிய வேலை சொல்லுங்க. பழகின வேலையில குறை மறைஞ்சுடும்.