புதுப்பிப்பு: லேப்டாப் ஹார்டு டிஸ்க் ‘டிக்’ சத்தத்துக்குக் காரணம் கிடைத்தது

முன்பு கேட்டது: கடலூர் முதுநகரில் ஓடும் லேப்டாப், 2.5 அங்குல 5400 ஆர்பிஎம் டிஸ்க். சும்மா இருக்கும்போது சில நொடிக்கு ஒருமுறை ‘டிக்’.

ஃபேன் அல்ல. டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி அடாப்டரில் மாட்டினாலும் அதே சத்தம். ஸ்மார்ட் பட்டியலில் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்யும் பட்டியல்) கெட்ட செக்டார்களைக் காட்டும் 5, 197, 198 எண் வரிகள் மூன்றும் பூஜ்யம். அதாவது தட்டில் (டிஸ்க்குக்குள் சுழலும், தரவு பதியும் வட்டு) கெட்ட செக்டார், அதாவது பழுதான சிறு பகுதி, பதிவாகவில்லை. ஹெட் (தட்டில் தரவை எழுதிப் படிக்கும் முனை) எத்தனை முறை ஓரத்துக்குப் போனது என்று எண்ணும் 193 மட்டும் நான்கு லட்சத்தைத் தாண்டியிருந்தது, ஒவ்வொரு ‘டிக்’குக்கும் ஒன்று ஏறியது. மின்சாரம் மிச்சப்படுத்த ஹெட் ஓயாமல் ஓரத்துக்குப் போய் நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் பல லேப்டாப் டிஸ்க்குகளுக்கு இந்த எண்ணிக்கையின் உத்தரவாத அளவு மூன்று லட்சம் முதல் ஆறு லட்சம் வரைதான், எனவே அப்படியே விடக்கூடாது.

லினக்ஸில் எச்டிபார்ம் (டிஸ்க் அமைப்புகளை மாற்றும் கட்டளை) மூலம் ஏபிஎம் (டிஸ்க்கின் மின்சேமிப்பு) மதிப்பை 254 ஆக்கியதும் சத்தம் நின்றது, 193 ஏறவில்லை. மின்சாரம் போய் வந்தால் இந்த மதிப்பு அழிந்துவிடும். அதனால் எச்டிபார்மின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பிலும் அதை எழுதுங்கள். இனி ஹெட் தட்டின் மேலேயே நிற்கும். ஓடும்போது மடியில் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள், ஷட்டவுன் செய்தபிறகே பையில் வையுங்கள்.

புதுச்சேரி நண்பர் கேட்டது வேறு கதை. ஆன் செய்ததும் பலமாக ‘டக் டக்’, பிறகு சுழற்சி நின்று பயாஸிலும் (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருள்) டிஸ்க் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் ஹெட் கெட்டுப் போயிருக்கும். தயவுசெய்து திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள், ஒவ்வொரு முறையும் தட்டு கீறலாம். ஃப்ரீசரில் வைக்கும் வைத்தியமும் வேண்டாம். உள்ளே ஈரம் படியும். முக்கியமான தரவு என்றால் நேராக மீட்பு நிபுணரிடம் கொடுங்கள்.